புதன்கிழமை ஐந்தாவது பீரியட்

எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குக் கால அட்டவணை இரண்டு. ஒன்று, தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் முதலில் நிற்கிற இடம் அது. அதில் புதன்கிழமை ஐந்தாவது பீரியடுக்கு நேராக ‘உடற்கல்வி’ என்று ஓவிய ஆசிரியையின் அழகான எழுத்தில் இருக்கும். இன்னொன்று எங்கும் எழுதப்படாதது, எல்லோருக்கும் மனப்பாடம். அதன்படி அந்த நேரம் வேதியியல்.

நான் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற சாலையில், ஊர் முடிந்து வயல்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது பள்ளி. எனக்குத் தேதிகளின் மேல் ஒரு பைத்தியம் உண்டு. கோடை மழை எந்தக் கிழமை இறங்கியது, வைகையில் எப்போது தண்ணீர் வந்தது, எங்கள் மைதானத்து வேப்பமரம் எந்த வாரம் பூத்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். படித்து முடித்த புத்தகங்களின் கடைசிப் பக்கத்திலும் முடித்த தேதியைக் குறிப்பேன். அப்படிப்பட்ட நான் இங்கே கிழமையோடும் மாதத்தோடும் நிறுத்திக்கொள்கிறேன். தேதியும் ஆண்டும் போட்டால் அது எந்த வகுப்பு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தவுடன் முதலில் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விளையாட்டுப் பீரியடை எடுத்துக்கொள்வதற்குப் பள்ளிகளில் ஒரு முறை இருக்கிறது. யாரும் பிடுங்குவதில்லை. கடன் கேட்பார்கள். ஜூன் மாதத்தில் குரல் தேனாக இருக்கும்.

“டீச்சர், இந்த வாரம் மட்டும் விட்டுக் குடுங்க. ஒரு பாடம் இழுத்துக்கிட்டே கெடக்கு.”

“போன வாரமும் இழுத்துச்சே டீச்சர்.”

“அது வேற பாடம்.”

ஆசிரியர் அறை முழுக்கச் சிரிக்கும். கணக்கு ஆசிரியை தன் பங்குக்கு, “பி.டி. டீச்சருக்கு என்ன, விசில ஊதுனா பீரியட் முடிஞ்சிரும். எங்களுக்கு அப்படியா?” என்பார். ஜூலையில் கேட்பது குறைந்து, தகவல் சொல்வதாக மாறும். ஆகஸ்டில் அதுவும் நின்றுபோகும். ஒவ்வொரு புதனும் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் அந்த வகுப்பு வாசலில் போய் நிற்பேன். வேதியியல் ஆசிரியை கரும்பலகையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே இடது கையை மட்டும் ஆட்டுவார். அடுத்த வாரம் என்று பொருள். பிள்ளைகள் என்னைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் நோட்டில் ஒரு வரி விட்டுப்போகும்.

அந்த ஆசிரியை கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு அது பணி ஓய்வுக்கு முந்திய ஆண்டு. ஒரு பிள்ளைகூடத் தன் பாடத்தில் தோற்கக் கூடாது என்ற பயத்தில் அவரே சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் தாள் திருத்திக்கொண்டிருப்பார். பயந்தவர்கள்தான் பிள்ளைகளின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குத் தெரிவதும் இல்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி உசிலம்பட்டிக்கும் மேற்கே ஒரு ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வானம் பார்த்த பூமி, இரண்டு மாடு, அம்மா, அவள். காலை ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்து சேர முதல் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாலை ஸ்டடி முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். நாளில் அவளுடையது என்று மிச்சமிருந்தது அந்தப் பஸ் பயணம் மட்டும்தான்; அதிலும் நின்றுகொண்டுதான் வருவாள். பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் கோ-கோ அணியில் அவள்தான் கடைசியாக ஆட்டமிழப்பாள். துரத்துகிறவளைக் கம்பம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, கடைசி நொடியில் உடம்பை ஒடித்துத் திரும்பி, சிரித்துக்கொண்டே ஓடுவாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு போய் என் அறையில் பந்துப் பைகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். கண் விழித்ததும் கேட்டேன்.

“சாப்டியா?”

“சாப்டேன் மிஸ்.”

“என்ன சாப்ட?”

யோசித்தாள். “இன்னைக்கா நேத்தா மிஸ்?”

“எம்புட்டு நேரம் தூங்குன?”

“பஸ்ல சீட்டுக் கெடச்சாத் தூங்குவேன் மிஸ். இன்னைக்குக் கெடைக்கல. அம்புட்டுத்தேன்.”

எழுந்து முகம் கழுவிக்கொண்டு, இரண்டாவது பீரியடுக்கு டெஸ்ட் இருக்கிறது என்று ஓடிவிட்டாள். அவள் ஒருத்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம். முதல் ரேங்க் எடுக்கிறவள் புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த மழைக்காலம் வருவதற்குள் ஒரு புருவம் பாதிதான் இருந்தது. பின்பெஞ்சில் ஒருத்தி பேசுவதையே விட்டுவிட்டாள்.

பள்ளி இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தது. தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரி. எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. பிள்ளைகள் மயங்கி விழுவது அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஆகவே ஆவணி மாதத்தில் ‘மன அழுத்தம் இல்லாத மாணவியர்’ என்று ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். நகரத்திலிருந்து பேச்சாளர், மைக், ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் உண்டு. எப்போது வைப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. கணக்கு ஆசிரியை தரவில்லை. இயற்பியல் தரவில்லை. “எந்தப் பாடத்துக்கும் இடைஞ்சல் இல்லாத நேரமாப் பாத்து வச்சிருவோம்” என்றார் சிஸ்டர். அப்படி ஒரு நேரம் எல்லோர் நினைவுக்கும் ஒரே சமயத்தில் வந்தது. புதன்கிழமை ஐந்தாவது பீரியட். வேதியியல் ஆசிரியை மட்டும் முகத்தைச் சுளித்தார், தன் பீரியட் போகிறதே என்று.

நிகழ்ச்சி நடந்த ஹாலுக்கு மைதானத்தைப் பார்த்த சன்னல்கள். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒழுங்கு பார்த்துக்கொள்ள என்னை ஓரத்தில் நிற்க வைத்திருந்தார்கள். பேச்சாளர் முதலில் கை தட்டச் சொன்னார். போதவில்லை என்று இன்னும் சத்தமாகத் தட்டச் சொன்னார். பிறகு சிரிப்புப் பயிற்சி. அவர் ‘ஹா ஹா’ என்றால் இவர்களும் ‘ஹா ஹா’ என்றார்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல. கடைசியில் கண்ணை மூடச் சொன்னார்.

“ஒரு பெரிய மைதானம். காத்து வீசுது. ஒரு மரம் நிக்குது. நீங்க அந்த மைதானத்துல ஓடுறீங்க. யாருமே உங்களத் தடுக்கல...”

நான் கண்ணை மூடவில்லை. சன்னலுக்கு வெளியே எங்கள் மைதானம் வெறுமையாக வெயிலில் கிடந்தது. வேப்பமரம் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. கோ-கோ கம்பங்களுக்கு நடுவே யாரோ கயிறு கட்டி ஹாலின் திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்.

அப்போது ஒரு கை உயர்ந்தது. அவள்தான். கண்ணை மூடியபடியே கையைத் தூக்கியிருந்தாள்.

“கேளும்மா” என்றார் பேச்சாளர், மகிழ்ச்சியாக.

“சார், எங்க கிரவுண்டு இந்தா சன்னலுக்கு அந்தப் பக்கந்தேன் இருக்கு. இது எங்க பி.டி. பீரியடு. கண்ணத் தொறந்துட்டு அங்கிட்டுப் போயிரலாமா சார்?”

ஹால் வெடித்தது. அந்த வகுப்பு முழுதும் சேர்ந்து சிரித்து அந்த ஆண்டில் நான் கேட்டது அதுதான் முதல் முறை. புருவம் பிடுங்குகிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்தாள். பேச்சாளரும் சிரித்துவிட்டார். முன்வரிசை நாற்காலியில் இருந்த சிஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பேச்சாளர் சொல்லிக் கொடுத்த சிரிப்பு அனுமதிக்கப்பட்டது. தானாக வந்த சிரிப்புக்குத் தண்டனை. விருந்தினர் முன்னால் பள்ளியை அவமானப்படுத்தியதற்காக அவள் அம்மாவை அழைத்து வர வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைப் பிரேயரில் மைக் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் நன்னடத்தைச் சான்றிதழில் அது எழுதப்படும். கல்லூரியில் சேரப் போகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பயம் வேண்டியதில்லை.

அம்மா திங்கட்கிழமை வந்தார். ஒழுங்குக்குப் பொறுப்பு என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். வந்த வேகத்தில் மகளின் தோளில் ஒரு அடி.

“ஏ புள்ள, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? என்னத்துக்கு ஒன்னைய இம்புட்டுத் தூரம் அனுப்பி விடுறேன்?” பிறகு சிஸ்டரிடம் திரும்பி, “அப்பிடி என்ன சிஸ்டர் கேட்டுப்புட்டா?” என்றார்.

சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். அம்மா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அம்புட்டுத்தானா? அந்த மைக்குக்காரரக் கெட்ட வார்த்த கிட்ட வார்த்த பேசிட்டாளோன்னுல்ல மாட்டுக்குத் தண்ணிகூடக் காட்டாம பஸ் ஏறி ஓடியாந்தேன். ஆமா, அது யாரு பீரியடு?”

“என்னோடதும்மா” என்றேன்.

“அப்ப நீங்க கேக்க வேண்டியதுதான டீச்சர்?”

“ஒவ்வொரு வாரமும் கேட்டேன்மா.”

“நீங்களும் கேட்டீக, எம்புள்ளையும் கேட்டுருக்கா. அவள மட்டும் மன்னிப்புக் கேக்கச் சொல்றாக. நீங்க எப்பக் கேக்கப் போறீக?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே அடுத்ததற்குப் போய்விட்டார். “வெளையாடட்டும். நாங் குறுக்க நிக்கல. ஆனா மார்க்குக் கொறஞ்சுச்சுன்னா ஒங்களத்தேன் கேப்பேன் டீச்சர், ஆமா.”

சிஸ்டர் ‘மார்க்கு’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். குரல் தணிந்தது. “பாருங்க டீச்சர், நான் ஒண்ணும் விளையாட்டுக்கு எதிரி இல்ல. அரையாண்டு வரைக்கும் புதன்கிழமை நீங்க எடுத்துக்கங்க. கெமிஸ்ட்ரி ஆவரேஜ் ஏறுச்சுன்னா தொடரலாம். இறங்குச்சுன்னா இனிமே கேக்கக் கூடாது. இவளும் மன்னிப்புக் கேக்க வேணாம். சரிதானே?”

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வெற்றியாகத் தெரியும். அன்று காலைதான் உயிரியல் ஆசிரியை என் காதைக் கடித்திருந்தார்: “விளையாண்டா மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும், ஞாபக சக்தி வரும், மார்க் ஏறும்னு சொல்லுங்க டீச்சர். சிஸ்டர் ஒத்துக்குவாங்க.” அதையெல்லாம் நானும் நிறையப் படித்திருக்கிறேன். விளையாட்டுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் வெண்டைக்காய் சாப்பிட்டால் அது கணக்கு வருவதற்காக. தூங்கினால் படித்தது மறக்காமல் இருப்பதற்காக. பேனாவைக்கூடக் கோயிலிலும் சர்ச்சிலும் வைத்து ஆசி வாங்கி வருகிறார்கள். சாமியும் மார்க்குக்கு என்று ஆன பிறகு மிச்சம் இருந்தது ஓட்டமும் சிரிப்பும்தான். அவற்றையும் கொண்டுபோய் அதே தராசில் வைத்துவிட்டு அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

“வேணாம் சிஸ்டர்” என்றேன்.

“எது வேணாம்?”

“மார்க்கு ஏறுனா விளையாடலாம்னா அது பி.டி. பீரியட் இல்ல சிஸ்டர். அதுவும் கெமிஸ்ட்ரிதான். ஓடுற பிள்ளை ஓடுறப்பவும் டெஸ்ட்டத்தான் நெனச்சுக்கிட்டு ஓடும்.”

“அப்ப எதுக்குத்தான் அந்தப் பீரியடக் கேக்கறீங்க?”

“அது அவங்களோடது. வெளிய கண்ணாடிக்குள்ள நாமதான் எழுதி மாட்டியிருக்கோம். புதன்கிழமை நான் கிளாஸக் கூட்டிட்டுப் போறேன் சிஸ்டர். வெள்ளிக்கிழமை இவ மைக்குல நிக்கணும்னா நானும் பக்கத்துல நிக்கிறேன்.”

அறைக்கு வெளியே வந்ததும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “குடுத்தத வாங்கிக்கிராமப் போட்டு ஒடைக்கிறீகளே டீச்சர்” என்றார். கோபமா வியப்பா தெரியவில்லை. மகள் ஒன்றும் பேசவில்லை. பேசியதற்குத்தானே இவ்வளவும்.

அந்த இரண்டு நாளும் ஆசிரியர் அறையில் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. ஒரு பிள்ளையின் சான்றிதழை வைத்து நான் வீம்பு பண்ணுவதாகக் கணக்கு ஆசிரியை சொன்னாராம். எனக்கும் இரவில் அந்தப் பயம் வராமல் இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, கம்பங்களுக்கு நடுவே இருந்த கயிற்றை அவிழ்த்தேன். பிள்ளைகளுக்கான இடத்தில் துணி காய்வதை இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

புதன்கிழமை மணி அடித்ததும் வாசலில் நின்றேன். உள்ளே டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்திலேயே தொடங்கிவிட்டார்கள்.

“டீச்சர், ஒரே ஒரு டெஸ்ட்டு” என்றார் வேதியியல் ஆசிரியை.

“மணி அடிச்சிருச்சு டீச்சர்.”

“இந்த உச்சி வெயில்லயா கூட்டிட்டுப் போகப் போறீங்க?”

“மரம் இருக்கு.”

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வகுப்பைப் பார்த்து, “போறவங்க போகலாம். எழுதறவங்க இருந்து எழுதலாம். நான் யாரையும் புடிச்சு வைக்கல” என்றார்.

நான் எதிர்பார்க்காதது நடந்தது. ஒருத்திகூட அசையவில்லை. போகலாம் என்று சொன்னால் போகக் கூடாது என்று புரிந்துகொள்ளத்தான் நாங்கள் அவர்களுக்குப் பழக்கியிருந்தோம். உசிலம்பட்டிக்காரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தால் முதலில் எழுந்தவள் அவள்தான் என்று ஆகிவிடும். அவளால் முடியாது.

பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. எழுந்தவள் முதல் ரேங்க்காரி. பாதிப் புருவத்தோடு முன்னால் வந்து தாளை மேசையில் வைத்தாள்.

“எனக்கு முடிஞ்சிருச்சு மிஸ்.”

“பாதிதான எழுதியிருக்க?”

“எனக்கு முடிஞ்சிருச்சு மிஸ்.”

அதற்குப் பிறகு பெஞ்சுகள் இழுபடும் சத்தம்தான். இரண்டு பேர் மட்டும் இருந்து எழுதினார்கள். அது அவர்கள் இஷ்டம்.

மைதானத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வரிசையாக நின்றார்கள், நான் சொல்வதற்காக. நான் விசிலை எடுக்கவில்லை. “என்ன மிஸ் செய்யணும்?” என்றாள் ஒருத்தி. “ஒண்ணும் செய்ய வேணாம்” என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். அப்புறம் பின்பெஞ்சுக்காரி, பேசுவதையே விட்டிருந்தவள், முன்னால் நின்றவளின் முதுகில் பட்டென்று தட்டி, “கோ!” என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே திடுக்கிட்டாள். தட்டு வாங்கியவள் துரத்த, வரிசை கலைந்தது. புழுதி கிளம்பியது. “அடியே, அது ஃபவுலுடி! கண்ணு தெரியலயா ஒனக்கு?” என்று சண்டை தொடங்கியது. எனக்கு உயிர் வந்தது.

உசிலம்பட்டிக்காரி எப்படி ஓடப் போகிறாள் என்று பார்க்கத் திரும்பினேன். ஆளைக் காணவில்லை. வேப்பமரத்தடியில், செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்து, தாவணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மைதானத்தைக் கேட்டு வாங்கியவள் அதில் ஓர் அடிகூட ஓடவில்லை. எழுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பழைய ஓட்டத்தைப் பார்க்க எனக்குத்தான் ஆசை. அது என் ஆசை, பீரியட் அவளுடையது.

சிஸ்டர் வராந்தாவைக் கடந்து மைதானத்துக்குள் வந்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்தார்.

“விளையாட்டுப் பீரியட்ல தூங்குறா?”

“ஆமா சிஸ்டர்.”

“இதுக்குத்தானா இம்புட்டும்?” கோபம் வரும்போது அவரும் எங்கள் ஊர்க்காரராகிவிடுவார்.

“இதுக்குந்தான் சிஸ்டர்.”

கிட்டப் போனார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. காலில் ஈ உட்கார்ந்ததுகூடத் தெரியவில்லை. மயங்கி விழுந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார். தூங்குகிற முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்கே நினைவில்லை. திரும்பும்போது, “மணி அடிச்சா எழுப்பி விடுங்க, அடுத்து இங்கிலீஷ்” என்று மட்டும் சொன்னார். ஈயை ஓட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைப் பிரேயரில் நான் அவள் வரிசைக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். சிஸ்டர் மைக்கைப் பிடித்தார். வாரச் செய்தி சொன்னார், ஜெபம் சொன்னார், வகுப்புக்குப் போகச் சொன்னார். அவள் பெயரைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு அந்த ஆண்டில் ஒரு புதன்கிழமைகூட அந்தப் பீரியட் கடன் போகவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து அவள் தூங்கவில்லை, ஓடினாள்.

இனி நீங்கள் கேட்கப் போகிற கேள்வி. இதை யாரிடம் சொன்னாலும் கேட்கிறார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். “அது சரி, அந்த வகுப்பு மார்க் என்ன ஆச்சு?”

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஏறியது என்று சொன்னால் நாளைக்கே மைதானத்தை உரம் போடுவது போலப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்குவீர்கள். இறங்கியது என்று சொன்னால் பூட்டிவிடுவீர்கள். இரண்டுக்கும் நான் உதவ மாட்டேன். ஒரு பெண் பதினேழு வயதில் வேப்பமர நிழலில் தூங்கினாள், மற்றவர்கள் புழுதி கிளப்பிச் சண்டை போட்டார்கள். அந்த நாளின் கணக்கு அதோடு முடிந்தது.

இதை எழுதுகிற இன்று செவ்வாய்க்கிழமை. இந்த ஆண்டு வேதியியலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், இளம் பெண், சுறுசுறுப்பானவர். மதியம் என் மேசைக்கு வந்து, கைநிறைய முறுக்கை வைத்துவிட்டு, “நாளைக்கு மட்டும் டீச்சர்” என்றார்.

முறுக்கை எடுத்துக்கொண்டேன். பீரியடைத் தரவில்லை.